கழுவி வைத்த சட்டி

பாக்கியராசா அண்ணை கராஜில் ஈயம் உருக்குகிற நாட்களில் எங்கள் குசினிக்குள்ளும் அந்த மணம் வரும். மோர்னிங்சைட்டில் எங்களுடையவை வரிசை வீடுகள். ஒரு சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு குடும்பங்கள். அவர்கள் கருவாடு பொரித்தால் என் கோட்டு மணக்கும், என் வீட்டு ரீவி கத்தினால் புஸ்பராணி சுவரில் தட்டுவாள். அதையெல்லாம் கனகாலமாகப் பொறுத்து நல்லாகத்தான் இருந்தோம். ஈயத்தின் மணம் வேறு மாதிரி. எரிந்த றப்பரும் பழைய கிறீசும் சேர்ந்து, செப்புக்காசை நக்கினாற்போல ஒரு ருசியோடு தொண்டையில் வந்து ஒட்டிக்கொள்ளும். நான் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற கம்பனியில் விடியற்காலை வேலைக்குப் போய், கோழித்துண்டும் சோறும் தட்டுத் தட்டாக அடுக்கிக் களைத்து வந்து, ஒரு பிளேன்ரீ குடிப்போமென்று குந்தினால் இந்த நாற்றம். சீ என்று கோப்பையை வைத்துவிடுவேன்.

அண்ணையும் புஸ்பராணியும் மூதூர்ப் பக்கம். கார்களுக்குத் தகடு அடிக்கிற பக்ரறியில் முதுகு முறிய வேலை செய்து, முறிந்த முதுகோடு பென்சனில் வீட்டில் இருப்பவர் அவர். அந்தப் பக்ரறியில் கூட நின்ற வால்ற்றர் என்ற வயசான வெள்ளைக்காரன்தான் இந்த நோயை ஒட்டிவிட்டது. வால்ற்றரிடம் ஒரு றிவோல்வர் இருந்தது. முதலாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் ஒபிசர்மார் இடுப்பில் தொங்கவிட்டுத் திரிந்த சாதி. நடுவால் மடங்கித் திறக்கும். கறுத்துத் தடித்து, பிடியின் அடியில் கயிறு கட்ட ஒரு வளையமும் இருக்கும். கண் மங்கிப்போன வால்ற்றர் அதை விற்க நினைத்தபோது, அண்ணை வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, பொலிஸ் விசாரணையும் முடிய லைசென்ஸ் எடுத்து வாங்கினார். வந்து இறங்கின காலத்தில் இங்கிலிஷ் வகுப்புக்குப் போங்கோ என்று புஸ்பராணி அழுதபோது அசையாத மனுசன், துவக்குக்காகப் புத்தகம் பாடமாக்கினார்.

அதற்குப் பிறகு கைத்துவக்கை விற்கவோ வாங்கவோ கூடாதென்று அரசாங்கம் சட்டம் போட்டது. வைத்திருப்பவர் வைத்திருக்கலாம், அவ்வளவுதான். அதோடு அண்ணையைப் பிடிக்க முடியவில்லை. தேரில் ஏறின மாப்பிள்ளை மாதிரி நடந்தார். கோயிலில், கலியாண வீட்டில், முடிவெட்டுகிற கடையில், எங்கே வாய் திறந்தாலும் றிவோல்வர்க் கதைதான். கேட்டுச் சலித்துப்போய் ஆட்கள் அவரைக் கண்டால் போனைக் காதில் வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பழைய சாமானுக்கு ரவை கடையில் கிடைக்காது. செய்கிற கம்பனிகள் எப்போதோ கைவிட்டுவிட்டன. சுட்ட ரவையின் வெறுங்கோதுகளைப் பொறுக்கி வந்து, ஊறவைத்து மினுக்கி, அடியில் புது வெடித்தொப்பி அடித்து, வெடிமருந்து போட்டு, தானே வார்த்த ஈயச் சன்னத்தைக் கோதின் வாயில் இறுக்கி மறுபடி ரவையாக்க வேண்டும். ஈயத்துக்கு ரயர்க் கடைகளில் சில்லுக்குக் கொழுவுகிற பழைய பாரக்கட்டிகளைக் கேட்டு வாங்கி வருவார். கராஜ் முழுக்க அந்தக் கறுத்த கட்டிகளும் வாளிகளும் அச்சுகளும்தான். கார் வெளியில் நின்று பனியில் உறைந்தது.

இலை கொட்டுகிற காலத்தில் ஒரு நாள் நான் வாசல் கூட்டிக்கொண்டு நிற்கக் கூப்பிட்டுக் காட்டினார். பேப்பரில் பரப்பி வைத்திருந்த கோதுகள் தோடு மாதிரி மினுங்கின.

“மலர், உதைப் பாருங்கோவன். புதுசு தோத்துப்போம். வால்ற்றர் என்னவோ கெமிக்கல்ல போடுறவன். நான் பழப்புளியில ஊறவிடுறன். குத்துவிளக்கு மினுக்கிற எங்கட புளிதான். சுடுற ரேஞ்சில வெள்ளையள் வாயைப் பிளந்துகொண்டு நிண்டவங்கள்.”

“உதை வைச்சு ஆரைச் சுடப்போறியள் அண்ணை?”

“கடதாசியைத்தான்” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னார். “ஊரில ஆமிக்காரன் வைச்சிருந்தவன், இயக்கப் பொடியள் வைச்சிருந்தவங்கள், ஊர்க்காவலெண்டு வந்த ஹோம்காட் வைச்சிருந்தவன். நான் ஒருத்தன்தான் எல்லாருக்கும் முன்னால கையைத் தூக்கிக்கொண்டு நிண்டனான். எவ்வளவு காலம் தூக்கிக்கொண்டே நிக்கிறது?”

அந்த இடத்தில் இரக்கப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. இரக்கம் வரவில்லை. என் தம்பியை எங்கள் வீட்டுப் படலையடியில் வைத்துச் சுட்டது இப்படி இடுப்பில் செருகுகிற ஒரு துவக்குத்தான். சுட்டது ஆர் என்று இன்றுவரை மூன்று கதை உலாவுகிறது. மூன்றிலும் அம்மா மண்ணோடு அள்ளின இரத்தம் ஒன்றுதான். துவக்கிலிருந்து தப்பவென்று கடல் கடந்து வந்த மனுசன், தேடிப்போய் ஒரு துவக்கை வாங்கி, பெட்டியில் பூட்டி வைத்து, தன் கையாலேயே அதற்குத் தீனி செய்து ஊட்டுகிறார். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

புஸ்பராணி அப்படி இல்லை. புருசன் தண்ணியடிக்காமல், சீட்டு விளையாடாமல் கராஜுக்குள் கிடக்கிறாரே, அது போதும் என்ற கட்சி. அவளுக்கு வயோதிபர் இல்லம் ஒன்றில் சலவை வேலை. கிழவர் கிழவிகளின் மூத்திரம் ஊறின விரிப்புகளைப் பிரித்து மெசினில் போட்டு, காயவைத்து மடிக்க வேண்டும். கையெல்லாம் புளிச்சு வெடித்திருக்கும். ஷிப்ற் முடிந்து பஸ்ஸில் வந்து, கோட்டைக் கழற்றினதும் நேரே குசினிதான். சமைக்கும்போது மட்டும் அவளுக்குக் களைப்பில்லை.

மகன் விதுர்சன் எலெக்ரிசியன். அவனுக்கு மார்க்கம் என்ற பக்கத்து ஊரில் பெரிய வீட்டுப் பெண் அமைந்ததில் அவளுக்குப் பெருமையும் பயமும். நிருஜா இங்கே பிறந்த பிள்ளை, பல் டொக்டர் ஒருவரின் கந்தோரில் வேலை. வரும்போதே, தனி வீடு பார்க்கும்வரைதான் இங்கே என்ற பேச்சோடு வந்தாள். பனிக்காலம் தொடங்க வயிற்றில் பிள்ளை தங்கிவிட்டது. அதோடு தனி வீட்டுக் கதை நின்றது.

மசக்கையில் அவளுக்கு ஒன்றும் இறங்கவில்லை. பாண் மணத்தாலே ஓங்காளித்தாள். இறங்கினது ஒன்றேயொன்று, புஸ்பராணியின் மீன்குழம்பு. புளி தூக்கலாக, தேங்காய்ப்பால் விடாமல், வெந்தயமும் உள்ளியும் தாளித்து வைக்கிற குழம்பு. பீட்சாவில் வளர்ந்த பிள்ளை வெறும் குழம்பைக் கரண்டியால் அள்ளிக் குடித்ததைப் பார்க்கப் புஸ்பராணிக்குத் தலைகால் தெரியவில்லை. “புள்ளை கேட்டுத் தின்னுது மலர்” என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கத்திச் சொல்வாள். பாரையோ விளைமீனோ கிடைத்த நாளெல்லாம் குழம்புதான்.

அதற்கென்று ஒரு மண்சட்டி. தமிழ்க் கடையில் வாங்கினதுதான், ஆனால் மீனுக்கு மட்டுமே பாவித்து உள்ளெல்லாம் கறுத்து மெழுகுபிடித்துக் கிடந்தது. சவர்க்காரம் காட்டமாட்டாள். மண்சட்டி போட்டதையெல்லாம் குடிக்கும், குடித்ததை அடுத்த கறியில் கக்கும் என்பாள். சுடுதண்ணீர் விட்டுத் தும்பால் ஒரு தேய்ப்பு, பிறகு கவிழ்த்துவிடுவாள். எல்லாரும் சாப்பிட்டு எழும்ப, அடிச்சட்டிக்குள் கொஞ்சம் சோற்றைப் போட்டுப் பிரட்டி வழித்துத் தின்பது அவளுடைய பங்கு. பெரிய பிளேற்றில் சாப்பிட்டாலும் அந்த ருசி வராதாம்.

தை மாதக் குளிரில் நிருஜாவுக்கு வயிற்றுநோ தொடங்கியது. முறுக்கிப் பிடித்தால் கட்டிலில் சுருண்டுவிடுவாள். முகம் வெளுத்தது, வாயில் இரும்பு ருசி என்றாள். பிள்ளை வயிற்றில் இருந்தால் இப்படித்தான் என்று புஸ்பராணி இஞ்சி அவித்துக் கொடுத்தாள். டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். இரத்தத்தில் ஈயம். சாதாரணமாக இருக்கக்கூடிய அளவைவிடக் கனக்க. தாயின் இரத்தத்திலிருந்து ஈயம் பிள்ளைக்குப் போகும், பிள்ளையின் மூளையில் போய் இருக்கும், எங்கேயிருந்து வருகிறதென்று கண்டுபிடித்து நிறுத்தாவிட்டால் மருந்து கொடுத்தும் பெரிய பலனில்லை என்றாராம். விதுர்சன்தான் வந்து சொன்னான்.

சுகாதாரப் பகுதியிலிருந்து மெலனி என்ற பெண் வந்தாள். இள வயசு, நிதானமான பேச்சு. விதுர்சனும் நிருஜாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். புஸ்பராணிக்கு யெஸ், நோ, தாங்க்யூவுக்கு மேல் இங்கிலிஷ் வராது என்பதால் என்னைக் கூப்பிட்டு இருத்தினாள். மெலனி வீட்டில் ஆராவது ஈயத்தோடு வேலை செய்கிறீர்களா என்று கேட்டாள். அண்ணை வாய் திறக்கமுதல் கராஜைக் காட்டினது நான்தான். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. எனக்கு அதில் ஒரு மயிரளவு வருத்தமும் இல்லை.

ஆனால் மனுசன் நல்லாகச் சமாளித்தார். முகமூடி போட்டுத்தான் உருக்குவேன், உடுப்பை மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவேன், மருமகள் இந்தப் பக்கமே வருவதில்லை என்று லைசென்ஸையும் எடுத்துக் காட்டினார். மெலனி சோதித்துப் பார்க்க அங்கங்கே தூசியைத் துடைத்தெடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் உடனே நிறுத்தச் சொன்னாள். அண்ணையையும் இரத்தம் கொடுக்கச் சொன்னாள். அவர் அன்றைக்கே ஈயத்தையும் அச்சையும் வால்ற்றரின் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, கராஜைக் கழுவித் துடைத்தார். மூக்குக்கு நிம்மதி கிடைத்தது. நானும் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. அண்ணையின் இரத்தத்தில் இருந்த ஈயம் நிருஜாவுடையதில் பாதிகூட இல்லை. ஈயத்தைக் கையால் அளைந்தவரைவிட, கராஜ் வாசலையே மிதிக்காதவளுக்கு ஈயம் கூடுதல். மெலனி மறுபடி வந்தாள். இது மூச்சால் போனதில்லை, வாயால் போகிறது, வீட்டில் சாப்பிடுகிற ஏதோ ஒன்றில் இருக்கிறது என்றாள். மிளகாய்த்தூள், மஞ்சள், பெருங்காயம், குங்குமம்கூடப் பையில் போட்டுக்கொண்டாள். பித்தளைச் சட்டி இருக்கிறதா என்று அலுமாரியைத் திறந்து பார்த்தாள். மண்சட்டியைத் தூக்கி உள்ளே விரலால் தடவி, பளபளப்புப் பூச்சு ஒன்றும் இல்லைத்தானே, எதற்குப் பாவிக்கிறீர்கள் என்று கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். “மீனுக்கு மட்டும்தான், வேற ஒண்டும் அதில படவிடமாட்டன்” என்று புஸ்பராணி பெருமையாகச் சொன்னாள். அதையும் இங்கிலிஷில் சொன்னேன். சமையல் பாத்திரம் ஏதாவது அந்த ரவை வேலைக்குப் போனதா என்று அண்ணையைத் திரும்பிக் கேட்டாள் மெலனி. “நோ, நோ. நெவர்” என்றார். கையையும் ஆட்டினார்.

தூள்கள் எல்லாம் சுத்தம் என்று மறுமொழி வந்தது. நிருஜாவின் இரத்தம் மட்டும் இறங்கவில்லை, இன்னும் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து ஏற்றவேண்டி வரலாம், பிள்ளைக்கு அது நல்லதா கூடாதா என்று பெரிய டொக்டர்மார் இருந்து யோசிக்க வேண்டும் என்றார்கள். மார்க்கத்திலிருந்து நிருஜாவின் தாய் போன் எடுத்துப் புஸ்பராணியைக் கிழித்தாள். என்ன ஊத்தைச் சமையல் சமைக்கிறாய், என்ன பழைய சாமானைப் போட்டு என்ர பிள்ளைக்குத் தின்னத் தாறாய் என்று. புஸ்பராணி போனைக் காதில் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு என் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்து அழுதாள். “என்ர கைதான் விசமோ மலர்?” என்றாள். அலுமாரியிலிருந்த தூளெல்லாம் கொட்டிப் புதிதாக வாங்கினாள். அரிசியை மாற்றினாள். புளிக்கட்டியை எறிந்து வேறு புளி வாங்கினாள். கையை ஓயாமல் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கழுவி வெடிப்பில் இரத்தம் வந்தது.

அந்த நாட்களில் அண்ணை சோபாவில் இருந்து ரீவி பார்த்தார். மனுசியின் சமையலைச் சம்பந்தி குறை சொன்னபோதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு புதன்கிழமை நிருஜாவைத் தாய் வீட்டுக்குக் கூட்டிப்போவதாக முடிவானது. வெளியில் பனி கொட்டி உப்புச் சேறாகக் கிடந்தது. விதுர்சன் லீவு போட்டு நின்றான். பின்னேரம் போகிற பிள்ளைக்குக் கடைசியாக ஒருக்கால் ஆசைப்பட்டதைச் சமைத்துக் கொடுக்கவேண்டும் என்று புஸ்பராணி விளைமீன் வாங்கி வந்து, என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள். நான் வெங்காயம் உரித்தேன். நிருஜா குசினி மேசையில் கையை வயிற்றில் வைத்தபடி இருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்து, பாதியாய்ப் போயிருந்தாள். சட்டியில் குழம்பு கொதித்தது. மணம் என்னமோ நல்ல மணம்தான்.

புஸ்பராணி அழுகிற பேச்சைத் தவிர்க்கவென்று வாய்க்கு வந்ததைக் கதைத்துக்கொண்டு நின்றாள். “இந்தாளுக்கும் வயசுபோய் அறளை பேந்துபோச்சு. கொஞ்ச நாளைக்கு முதல் இந்தச் சட்டியைத் தேடினால் காணேல்லை. போய்ப் பார்த்தால் கராஜுக்குள்ள, பனி தள்ளுற சவளுக்குப் பின்னால கிடக்குது. ஆர் வைச்சதெண்டு கேட்டால் ரீவியைப் பாக்கிறார். நான்தான் எடுத்துக்கொண்டு வந்து கழுவி வைச்சனான்.”

நிருஜா நிமிர்ந்தாள். “கராஜுக்கு ஏன் போனது மாமி?”

“ஆருக்குத் தெரியும் புள்ள. கேட்டால் சொன்னாத்தானே.”

நிருஜா சட்டியைப் பார்த்தாள். என் கையிலிருந்த வெங்காயம் அப்படியே நின்றது. மினுங்கின கோதுகளும், பழப்புளியில ஊறவிடுறன் என்ற அவருடைய வார்த்தையும் எனக்கு ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. எதில் ஊறவிட்டார் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நிருஜாவுக்கும் ஏதோ எட்டியிருக்க வேண்டும். எழும்பி ஒரு பிளேற் எடுத்தாள். சோறு போட்டாள். குழம்பை அள்ளி விட்டு நடுத்துண்டாக ஒரு மீனும் வைத்தாள். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஹோலுக்குப் போனாள். நாங்கள் பின்னால் போனோம்.

“மாமா, சாப்பிடுங்கோ” என்று சோபாவுக்கு முன்னாலிருந்த சின்ன மேசையில் வைத்தாள்.

அண்ணை தட்டைப் பார்த்தார். “எனக்கு வேண்டாம் மகள். வயித்தில காஸ்ரிக். மீன் ஒத்துக்கொள்ளுதில்லை.”

“ஒரு வாய். ஜஸ்ட் வன். நான் போறன்தானே.”

“பிறகு சாப்பிடுறன்.”

“இல்லை மாமா. இப்ப. எனக்கு முன்னால.”

விதுர்சன் மாடியிலிருந்து பையோடு இறங்கி வந்தான். வாட் ஆர் யூ டூயிங் நிரு, அவருக்கு வேண்டாமெண்டால் விடன் என்றான். நிருஜா அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. “அந்தச் சட்டியில வைச்ச குழம்பு. சாப்பிடுங்கோ மாமா” என்றாள்.

அண்ணைக்கு நெற்றி வியர்த்தது. ரீவியில் ஆரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் றிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார். “நான் ஒவ்வொருக்காலும் வடிவாக் கழுவித்தான் வைச்சனான்.”

கழுவுகிற கதையை அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

விதுர்சனுக்கு விளங்க நேரம் எடுத்தது. பையை மெல்லக் கீழே வைத்தான். “அப்பா, என்னத்தைக் கழுவினனீங்கள்?”

துண்டு துண்டாக வந்தது. கண்ணாடிப் பாத்திரத்தில் புளி போட்டால் மினுக்கம் வரவில்லையாம், அலுமினியம் என்றால் கறுக்குதாம், மண்சட்டிதான் சரி என்று கண்டாராம். அம்மா வேலைக்குப் போன நேரம் புளியைக் கரைத்து, அதில் கோதுகளை ஊறப்போட்டு, ரயர்க் கடையிலிருந்து வந்த ஈயக்கட்டிகளையும் எண்ணெய் கழர அதிலேயே போட்டு எடுப்பாராம். பிறகு அம்மா செய்கிற மாதிரியே சுடுதண்ணீர் விட்டு, தும்பால் தேய்த்து, இருந்த இடத்தில் கவிழ்த்து வைத்துவிடுவாராம். சவர்க்காரம் போட்டால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள் என்று போடவில்லையாம். இதைச் சொல்லும்போது, ஏதோ சட்டியின் மரியாதையைக் காப்பாற்றியவர் மாதிரி ஒரு தொனி. அந்தச் சட்டிக் குழம்பை நானும் எத்தனை தரம் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

“அந்தப் பெட்டை வந்து கேட்டவள். உங்களிட்டைக் கேட்டவள்” என்றாள் புஸ்பராணி. “நான் வேற ஒண்டும் படவிடமாட்டன் எண்டு பீத்திக்கொண்டு நிண்டன். நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள்.”

“சொன்னால் லைசென்ஸைப் பறிச்சிருப்பாங்கள். துவக்கையும் கொண்டுபோயிருப்பாங்கள். இனி ஒருக்காலும் வாங்கேலாது” என்றார். எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார், ஆராவது ஒருத்தர் அதை விளங்கிக்கொள்வார் என்று. “அதுதான் சட்டியைக் கொண்டுபோய் ஒளிச்சு வைச்சனான். நீதானே திருப்பி எடுத்துக்கொண்டு வந்தனி.”

பழியை மனுசியின் தலையில் போட்டுவிட்டுச் சோபாவில் சாய்ந்த அந்த மனுசனைப் பார்த்தபோது, துவக்கை வைத்து அவர் ஒருவரையும் சுடப்போவதில்லை, அதற்குத் தேவையும் இல்லை என்று நினைத்தேன். விதுர்சன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

புஸ்பராணி அசையாமல் நின்றாள். எதையோ கணக்குப் பார்க்கிற மாதிரி அவளுடைய உதடு மட்டும் ஆடியது. பிறகு கேட்டாள். “இஞ்சாருங்கோ, மெலனி வந்து போன நாளில இருந்துதானே உங்களுக்குக் காஸ்ரிக்?”

அண்ணை றிமோட்டை எடுத்து மடியில் வைத்தார்.

“அண்டையில இருந்து சொதியும் முட்டையும்தான் கேட்டனீங்கள். மீனைத் தொடேல்லை. நான் ஒவ்வொரு நாளும் உந்த மேசையில இருந்து, உங்களுக்கு முன்னால, அடிச்சட்டியை வழிச்சுத் திண்டனான்.”

“ஊமைமாதிரிப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்” என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் குனிந்து, ஆறிப்போன அந்தத் தட்டை அவருக்கு இன்னும் கிட்டத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

நிருஜா அதற்குள் மெலனிக்குப் போன் எடுத்திருந்தாள். சோபாக் கையில் இருந்தபடி, அழாமல், ஒவ்வொன்றாகச் சொன்னாள். சட்டி, புளி, கோது, ஈயக்கட்டி. சத்தமாக வைத்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது. மெலனி ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு, கண்டுபிடித்தது நல்லது, இனி உள்ளே போகிறது நிற்கும், டொக்டரோடு இப்போதே கதைக்கிறேன், சட்டியை ஒருவரும் கழுவ வேண்டாம், பையில் கட்டி வையுங்கள் என்றாள். பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று நிருஜா கேட்டாள். அதை இப்போது ஒருவராலும் சொல்ல முடியாது, பிறந்த பிறகும் கனகாலம் பார்க்க வேண்டியிருக்கும் என்றாள் மெலனி. நிருஜா கண்ணை மூடிக்கொண்டாள். அந்தச் சட்டியில் வேறு ஆர் ஆர் சாப்பிட்டது என்று மெலனி கேட்டாள்.

நிருஜா கண்ணைத் திறந்து மாமியாரைப் பார்த்தாள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன், வழக்கமாக மொழிபெயர்க்கிறவள் நான்தானே. புஸ்பராணி என் கையை விலக்கி, நிருஜாவிடமிருந்து போனை வாங்கினாள். வெடித்த விரல்களால் அதை வாய்க்குக் கிட்டப் பிடித்தாள்.

“ஐ ஈற்” என்றாள். “எவ்ரிடே ஐ ஈற்.” ஒருமுறை மூச்செடுத்துக்கொண்டு, சோபாவைப் பார்த்து, சொல்லுச் சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள். “மை ஹஸ்பண்ட் நோ ஈற். ஹீ நோ எவ்ரிதிங்.”